ராசா சரியாகக் கூட்டாத தெரு

இன்று காலை என் மனைவி உம்முடைய விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டிவிட்டாள். நான் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது பலாச்சருகெல்லாம் வேலியோரம் குவிந்து கிடந்தது. அது கோயில் விளக்குமாறு என்று சொன்னேன். "கோயில் விளக்குமாறு எண்டா குப்பை கூட்டாதோ?" என்று கேட்டுவிட்டு அதைக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்தாள். குனிந்து முகர்ந்து பார்த்தேன். ஈர்க்கு வாசத்தோடு மஞ்சள் தண்ணீர் வாசமும் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தேநீர் இறங்கவில்லை. ஆகவே உமக்கு எழுத உட்கார்ந்தேன். உயிரோடு இருந்தபோதே என் ஒரு கடிதத்துக்கும் பதில் போடாதவர் நீர். இனிமேல் போடாவிட்டால் உம்மைக் குறை சொல்ல முடியாது.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றதைப் பார்ப்போம். ஐப்பசி மழைக்குள் ஒரு நாள் கம்பளையிலிருந்து தொலைபேசியில் பேசினீர். மாசித் தேருக்கு ராசா இடத்தில் யார் நிற்பது என்று இந்த முறையாவது முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும் என்றேன். "வெள்ளிக்கிழமை வர்றேன் சேர், நேர்ல பேசுவோம்" என்றீர். வியாழக்கிழமை மத்தியானம் கடைக் கதிரையில் இருந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டீர். சொன்ன நாளுக்கு நீர் வராமல் விட்டது அது முதல் தடவை அல்ல. ஆனால் மற்றத் தடவைகளில் அடுத்த நாள் கூப்பிட்டு ஏசுவதற்கு நீர் இருந்தீர்.

ராசா இடம் என்ற அந்தத் தலையிடியை உமக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் இத்தனை வருடம் எதற்காகச் சண்டை போட்டோம் என்று எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். ஹேவாஹெட்டப் பக்கம், தேயிலை மலைக்கு நடுவில் உங்கள் ஆட்கள் கட்டிய சின்ன அம்மன் கோயில். மாசியில் தேர். அந்த நாளில் ஊரில் பெரிய மனிதர் ஒருவர் ராசாவாக நிற்க வேண்டும். சட்டை இல்லை, செருப்பு இல்லை, மோதிரம் கடிகாரம் எதுவும் இல்லை. இடுப்பில் மஞ்சள் சால்வை, கையில் ஈர்க்கு விளக்குமாறு. திரை விலகித் தேர் அசைந்ததும் அம்மனுக்கு முன்னால் அவர் தெருவைக் கூட்டிக்கொண்டு போவார். அம்மனுக்கு முதுகு காட்டக்கூடாது என்பதால் பின்னுக்கு நடந்தபடிதான் கூட்ட வேண்டும். அதுவும் இறக்கத்தில், பஸ் நிற்கும் சந்தி வரைக்கும். எல்லாம் முடிந்து கடைசி ஆளுக்கும் திருநீறு கொடுத்த பிறகுதான் ராசாவுக்குத் திருநீறு. மற்றக் கோயில்களில் பெரிய மனிதருக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வார்கள். உங்கள் கோயிலில் பெரிய மனிதர்தான் வரிசையின் வால்.

இதற்கு நீர் சொன்ன கதை என்னைப் பல வருடம் வருத்தியது. கண்டி ராசா ஒருவர் பல்லக்கில் வந்தாராம், தேர் அசைய மாட்டேன் என்றதாம். அவர் முடியைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஒருத்தியின் விளக்குமாற்றை வாங்கித் தெருவைக் கூட்டினாராம், தேர் ஓடியதாம். நான் வீதி போடும் எஞ்சினியர். அளந்து பார்க்காமல் ஒரு கல்லைக்கூட நம்ப மாட்டேன். "தோட்டம் திறந்து சனம் வந்ததே ராசாக்கள் எல்லாம் முடிஞ்ச பிறகு. கோயில் அதுக்கும் பிறகு. எந்த ராசா காணும் இஞ்ச வந்து கூட்டினது?" என்று உம்மிடம் கேட்டேன். நீர் இஞ்சி போட்ட பிளேன்டீயை ஒரு மிடறு இழுத்துவிட்டுச் சொன்னீர்: "ராசா இல்லாமப் போனதுக்கப்புறம்தானே சேர், கூட்ட ஆள் தேவைப்பட்டுச்சு."

சரி, அந்த ராசாவின் பெயரையாவது சொல்லும் என்றேன்.

"பேரு போட்டா பெருமை வந்துரும் சேர்."

இப்படி ஒரு மனிதரோடு எப்படி வாதாடுவது? நானும் விடவில்லை, தேடிப் படித்தேன். நாட்டையே சாமியின் பெயரில் வைத்துவிட்டுத் தங்களைச் சாமியின் ஊழியன் என்று சொல்லிக்கொண்ட அரசர்கள் இருந்திருக்கிறார்கள். தேருக்கு முன்னால் அரசரே தங்கப்பிடி போட்ட விளக்குமாற்றால் கூட்டும் வழக்கம் பெரிய கோயில்களில் உண்டு. ஊரை ஆளுகிறவன் ஒரு நாளாவது சனத்தின் கண்ணுக்கு முன்னால் குனிய வேண்டும் என்று யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். உம்முடைய கதை முழுப் பொய் அல்ல என்று ஒப்புக்கொள்ளும் எண்ணத்தில்தான் கம்பளைக்கு பஸ் ஏறி வந்தேன். நீர் தங்கப்பிடியைப் பிடித்துக்கொண்டீர். "தங்கத்துல கூட்டினா குப்பை எங்க சேர் போகும்? எல்லாரும் ராசாவத்தான் பாப்பாங்க" என்றீர். சொல்ல வந்த நல்ல வார்த்தையை அப்படியே திருப்பிக் கொண்டுபோனேன்.

வேடிக்கை என்னவென்றால், நீர் பணிவான ஆளே அல்ல. கம்பளைச் சந்தையில் அரிசி, பருப்பு, கருவாடு என்று மொத்த வியாபாரம். முதலாளி என்றால் அந்தத் தெருவில் நீர்தான். உம்முடைய குரல் கேட்டால் லொறிக்காரர்கள் பீடியை அணைப்பார்கள். வீட்டில் குடித்த கோப்பையை எடுத்துக் குசினியில் வைத்தவர் அல்ல நீர். உம்முடைய மகள் ஒருமுறை என் முன்னாலேயே சொன்னாள்: "அப்பா வருஷத்துல ஒரு நாள்தான் வெளக்கமாறு தொடுவாரு அங்கிள், அதுக்கும் ஊரே தேர் இழுக்கணும்." நீர் விழுந்து விழுந்து சிரித்தீர். கோப்பை அங்கேயே இருந்தது.

நான் இதற்குள் வந்து மாட்டியது பக்தியால் அல்ல. அந்த மலைப் பாதையைத் திருத்தும் வேலை என் பொறுப்பில் இருந்தது. பாதையோரம் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருந்தோம், மேலே மூடி போட இன்னும் ஆட்கள் வரவில்லை. தேர் நாளில் என்ன ஆகுமோ என்ற பயத்தில் நானே வந்து சனத்தோடு சனமாக நின்றேன். பார்த்தால், வெற்று மேலோடு ஒரு பருத்த மனிதர், அம்மனைப் பார்த்தபடி, விளக்குமாற்றை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டு பின்பக்கமாக என் கானை நோக்கி இறங்கி வருகிறார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சாமி வேலையில் இருப்பவரைத் தொடக்கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ. நான் பாய்ந்து உம்முடைய இடுப்புச் சால்வையைப் பிடித்து இழுத்தேன். நான் வெட்டிய கானுக்குள் ஒரு ராசா விழக்கூடாது, அவ்வளவுதான் என் கவலை. நீர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "புடிச்சது யாருங்க? நல்லா இருக்கு, அப்படியே புடிச்சுக்குங்க" என்றீர்.

அப்படியே பிடித்தவன்தான், வருடக்கணக்கில் விட முடியவில்லை. மாற்றலாகிப் போன காலத்திலும் மாசிக்கு லீவு போட்டுக்கொண்டு வந்தேன். ஓய்வு பெற்றபின் சொந்த ஊர் யாழ்ப்பாணம் போகாமல் கண்டிக்குப் பக்கம் குண்டசாலையில் வீடு கட்டியதற்கு என் மனைவி இன்றைக்கும் உம்மைத்தான் காரணம் சொல்கிறாள். "போன வருஷம் புடிச்ச எடத்துலயே புடிங்க சேர்" என்பீர், ஏதோ நிலத்தில் கோடு போட்டு வைத்த மாதிரி.

சால்வை முனையைப் பிடிப்பவனின் நிலைமையை ஒரு நாளாவது யோசித்தீரா? பின்னுக்கு வருகிற உமக்கு வழி சொல்ல வேண்டுமானால் நான் தெருவைப் பார்க்க வேண்டும். தெருவைப் பார்த்தால் அம்மனுக்கு என் முதுகுதான். நீர் முதுகு காட்டக்கூடாத சாமிக்கு நான் வருடா வருடம் முதுகு காட்டிக்கொண்டு போனேன். அந்த உற்சவ அம்மன் வெளியே வருவது தேர் நாளில் மட்டும். திரை விலகும்போதே நான் சந்தியைப் பார்த்தபடி நிற்க வேண்டும். தேர் சந்தியில் நின்றதும் மறுபடி திரை போட்டுவிடுவார்கள். நான் கண்டதெல்லாம் கான், கல், முச்சக்கர வண்டி, நடுத்தெருவில் படுத்திருக்கும் நாய். இதை உம்மிடம் சொல்லிக் குறைப்பட்டபோது, "சாமி உங்க முதுகப் பாத்துக்கிட்டே வருது சேர், அது போதாதா?" என்றீர். போதாது என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

அதற்காகத்தான் அந்த அஞ்சல் ஓட்டத்தைத் தொடங்கினீர் என்று நினைக்கிறேன். நான் பின்னாலிருந்து வழி சொல்வேன், நீர் முன்னாலிருந்து அம்மனைச் சொல்வீர்.

"வலப்பக்கம் கான். இடது காலை வையும்."

"சரி சேர். மூக்குத்தி மின்னுது சேர், வெயில் நேரா விழுது."

"கல் கிடக்குது காணும், காலைத் தூக்கி வையும்."

"அரளி மாலை ஒரு பக்கமா சரிஞ்சிருச்சு. ஐயர் கவனிக்கல. ஆனா அது நல்லாத்தான் இருக்கு."

"கதையை விட்டிட்டுக் கூட்டும்."

"இப்ப சிரிக்கிற மாதிரி இருக்கு சேர்."

இப்படியே சந்தி வரைக்கும். மேளத்துக்கு மேலே கத்திக் கத்தி இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிடும். தேர் போன பிறகு நான் திரும்பி மேலே நடந்து வருவேன். தெரு முழுக்க டொபி சுற்றிய கடதாசி, வெற்றிலைச் சக்கை, சிதறிய தேங்காய்ச் சிரட்டை. நீர் கூட்டிய இடம் எது, கூட்டாத இடம் எது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. வீதி போடுகிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாரும். ஒவ்வொரு வருடமும் அதே ஏச்சு: "கூட்டிறவர் நிலத்தைப் பாக்க வேணும் காணும். இது என்ன கூட்டு?" ஒவ்வொரு வருடமும் அதே பதில்: "அம்மனே ஒண்ணும் சொல்லல சேர், நீங்க ஏன் கத்துறீங்க?"

இன்னொரு பதிலும் உம்மிடம் இருந்தது, அதுதான் என்னை முழுதாகக் கெடுத்தது. "அடுத்த வருஷம் நீங்க கூட்டுங்க சேர், நான் புடிக்கிறேன்." கருவறை விளக்கில் தெரிகிற அம்மன் வேறு. தெருவுக்கு வந்து வெயிலில் நிற்கிற முகத்தை உயிரோடு இருக்கும்போது ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. நான் பெரிய பக்தன் அல்ல, உமக்குத் தெரியும். ஆனால் வருடக்கணக்கில் ஒரு முகத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வருகிறவனுக்கு அதைக் காண ஆசை வராதா? அடுத்த வருடம் வரும், நீரே விளக்குமாற்றோடு நிற்பீர். "இந்த வருஷம் மட்டும் சேர்" என்பீர். அந்த இந்த வருடம் முடியவே இல்லை.

உம்முடைய செத்தவீட்டிலேயே அடுத்த தலையிடி தொடங்கியது. கனடாவிலிருந்து ஒருவர் வந்து நின்றார். உங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அங்கே போய் நன்றாக இருக்கிறவர். நல்ல மனிதர்தான், இல்லை என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கண்ணைத் துடைத்த கையோடு சொன்னார்: "ராசா எடத்த அடுத்த தேருக்கு எனக்குத் தர்றேன்னு அண்ணன் வாக்குக் குடுத்திருந்தாரு." உம்மைப் பார்த்தேன். மாலையும் பன்னீருமாக, ஒன்றும் தெரியாதவர் போலப் படுத்திருந்தீர். அந்த இடத்தில் உம்மை எழுப்பிக் கேட்க முடிந்தால் கேட்டிருப்பேன்.

தை மாதத்தில் அவர் வெள்ளிப்பிடி போட்ட விளக்குமாறு ஒன்றைச் செய்வித்துக் கோயிலுக்குக் கொண்டுவந்தார். நிர்வாக சபைக்காரருக்கு வாயெல்லாம் பல். படம் பிடிக்க ஆளும் ஒழுங்காகிவிட்டது. நான் மட்டும், வழக்கம் என்னவென்று அவருக்கு முழுதாகச் சொன்னீர்களா என்று கேட்டேன். ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. கோயில் முற்றத்தில் ஒருமுறை நடந்து பார்ப்போம் என்றேன். அவர் மறுக்கவில்லை, சட்டையைக் கழற்றினார், சால்வையைக் கட்டினார். நான் முனையைப் பிடித்துக்கொண்டு முதுகைத் திருப்பினேன். கொஞ்சம் நடந்தார், சால்வை முறுகியது. திரும்பிப் பார்த்தால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"நான் பிடிச்சிருக்கிறன், நீங்கள் வாங்கோ" என்றேன்.

"தெரியும்ங்க. ஆனா கழுத்து தானாத் திரும்புது."

மறுபடி நடந்தோம், மறுபடி திரும்பினார். மூன்றாவது முறை அவரே சால்வையை அவிழ்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "சட்டைய கழட்டச் சொன்னா கழட்டிருவேன், கடைசியாத் திருநீறு குடுத்தாலும் வாங்கிக்குவேன். பின்னால என்ன இருக்குன்னு பாக்காம நடக்க என்னால ஏலாதுங்க. அங்க காரப் பின்னுக்கு எடுத்தாலே கேமராவப் பாத்துத்தான் எடுக்கிறேன். அண்ணன் எப்படி நடந்தாரு?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.  நீர் கழுத்தைத் திருப்பியதே இல்லை. அந்த முதல் வருடம், நான் யார் என்றே தெரியாதபோதும் திருப்பவில்லை. நான் அதை உம்முடைய அசட்டை என்றல்லவா கணக்கு வைத்திருந்தேன். முடியைக் கழற்றுவதும் சட்டையைக் கழற்றுவதும் பெரிய காரியம் இல்லை போலிருக்கிறது. கையில் செங்கோல் இருந்த மனிதன், போகிற வழியை இன்னொருவன் சொல்லட்டும் என்று விடுகிறானே, அங்கேதான் அவன் ராசா இல்லாமல் போகிறான். இதை உம்மிடம் சொல்லியிருந்தால், "அதெல்லாம் எனக்குத் தெரியாது சேர், இன்னொரு பிளேன்டீ?" என்றிருப்பீர்.

அவர் அன்றைக்கே வெள்ளி விளக்குமாற்றைக் கோயில் அலுமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு, தான் வடம் பிடிப்பதாகச் சொன்னார். சபைக்காரர் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் ராசா இடம் என்னிடம் வந்தது. வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம். அதே நிமிடத்தில் பயமும் வந்தது. எனக்கு யார் பிடிப்பது? வழி சொல்வார் என்று நான் நம்பக்கூடிய ஒரே ஆள், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்.

உம்முடைய மகள் வந்தாள். கண்டியில் வங்கி வேலை முடித்து, கம்பளை பஸ்ஸுக்கு நிற்காமல் எங்கள் வீட்டுக்கு வந்து, கடதாசியில் சுற்றிய உம்முடைய பழைய விளக்குமாற்றை மேசையில் வைத்தாள். "நான் புடிக்கிறேன் அங்கிள்" என்றாள். சபையில் ஒருவர் பெண்பிள்ளை அந்த இடத்தில் நின்ற வழக்கம் இல்லை என்று இழுத்தார். "வடம் பிடிக்கலாம், சால்வை பிடிக்கக் கூடாதோ?" என்று கேட்டேன். அவர் பதிலைத் தேடிக்கொண்டிருந்தபோதே கூட்டத்தை முடித்துவிட்டோம். இந்த வித்தையை உம்மிடம்தான் படித்தேன்.

தேர் நாள் நல்ல வெயில். திரை விலகியது. எனக்கு முன்னால் மேளம், பின்னால் உம்முடைய மகள். நான் குனிந்தேன். இத்தனை வருடம் உம்மை ஏசியவன் எப்படிக் கூட்டுவான் என்று ஊருக்குக் காட்ட வேண்டாமா? இடதிலிருந்து வலது, வலதிலிருந்து இடது, ஒரு ஈர்க்கு அகலம் விடாமல் கூட்டினேன். டொபிக் கடதாசி ஒன்று தப்பவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்த தார், வடம் இழுக்கிறவர்களின் பாதங்கள், முட்டுக்கட்டை போடுகிறவரின் கை. "வலப்பக்கம் கான், அங்கிள்" என்று அவள் சொன்னாள், காலை இடதில் வைத்தேன். கழுத்து திரும்பப் பார்த்தது. உம்மை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன், திருப்பவில்லை. பாதித் தூரம் வந்துவிட்டோம், தெரு கண்ணாடியாக இருந்தது.

அப்போது அவள் கேட்டாள். தெருவைப் பார்த்தபடி, மேளத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டாள்.

"அங்கிள், அம்மன் எப்படி இருக்கா? மூக்குத்தி மின்னுதா?"

நான் பார்க்கவில்லை. பார்ப்பதற்கென்றே வருடக்கணக்கில் காத்திருந்தவன், திரை விலகிய நேரம் முதல் ஒருமுறைகூடத் தலையைத் தூக்கவில்லை. கூட்டுகிறவனுக்கு நிலம்தான் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. கடதாசியும் சக்கையும் சிரட்டையும் ஏன் அப்படியே கிடந்தன என்பதும் விளங்கியது. மனிதரே, நீர் கூட்டத் தெரியாதவர் அல்ல. உமக்கு முதுகைக் காட்டி நிற்கிற ஒருவனுக்குச் சொல்ல வேண்டும் என்று, வருடா வருடம் தலையைத் தூக்கி மேலேயே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறீர். அதற்காகத்தான் என்னிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறீர். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

தலையைத் தூக்கினேன்.

வெயில் நேராக விழுந்தது. மாலை இந்த வருடமும் ஒரு பக்கம் சரிந்துதான் இருந்தது, ஐயர் இந்த வருடமும் கவனிக்கவில்லை. வாயோரத்தில் நீர் சொன்ன அந்தச் சிரிப்பு. நான் சத்தம் போட்டுச் சொல்லத் தொடங்கினேன். மூக்குத்தியைச் சொன்னேன், மாலையைச் சொன்னேன், தேர் குலுங்கும்போது காது லோலாக்கு ஆடுவதைச் சொன்னேன். என் கண் கலங்கி முகம் மங்கியபோதும் நிறுத்தாமல் சொன்னேன், நீர் முன்பு சொன்னதை வைத்து.  அவள் பிடித்திருந்த சால்வை இடுப்பில் இறுகியது. பிறகு, "இடது, அங்கிள்" என்றாள். கை தன்பாட்டில் விளக்குமாற்றை எங்கோ ஆட்டிக்கொண்டிருந்தது.

சந்தியில் தேர் நின்றது, திரை விழுந்தது. எல்லாருக்கும் கொடுத்து முடித்து, தட்டில் ஒட்டியிருந்த திருநீற்றை ஐயர் விரலால் வழித்து எனக்குக் கொடுத்தார். சபைத் தலைவர் மேலே பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "என்ன சேர், பாதித் தெரு பளிச்சுன்னு இருக்கு. அதுக்கப்புறம் கூட்டின மாதிரியே இல்லையே" என்றார்.

"ஓம்" என்றேன். "மேல பார்த்துக்கொண்டு வந்தனான்."

இதை எழுதும்போதும் உம்மேல் கோபம்தான் வருகிறது. வெள்ளிக்கிழமை வந்திருந்தால் இதையெல்லாம் உம்மிடம் நேரில் கேட்டிருக்கலாம். அன்றைக்குக் கோயிலை விட்டு இறங்கும்போது உம்முடைய மகளிடம், "அடுத்த வருஷம் நீ கூட்டு பிள்ளை, நான் பிடிக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். உம்மைப் போல ஏமாற்றுவேன் என்று நினைக்க வேண்டாம், சொன்னபடி செய்வேன். இப்போதே கான், கல், முச்சக்கர வண்டி நிற்கும் இடம் எல்லாம் மனதில் வைத்திருக்கிறேன். முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். அவள் எவ்வளவு மோசமாகக் கூட்டினாலும் வாய் திறக்க மாட்டேன்.